தொழிலுக்கான வெப்சைட்டைப் புதுப்பித்தல்: டிசைன் ஆறாவது வேலை

சைட்டை மாற்றலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான முதலாளிகள் முதலில் செய்வது, போட்டிக் கம்பெனியின் சைட்டைத் திறந்து "இதே மாதிரி வேணும்" என்று டிசைனருக்கு அனுப்புவதுதான். சில மாதத்தில் அழகான சைட் ஒன்று வந்துவிடும். வாடிக்கையாளரோ முன்பு எதைக் கேட்க போன் செய்தாரோ அதையே கேட்க இப்போதும் போன் செய்வார். சில இடங்களில் அந்த போனும் குறைந்துபோகும். கூகுளில் வந்துகொண்டிருந்த பழைய பக்கங்கள் மாற்றத்தில் காணாமல் போயிருக்கும்.

சிறிய, நடுத்தர நிறுவனங்களின் சைட்டை மாற்றிக் கொடுக்கும்போது நான் பின்பற்றும் வரிசை இது. எடுத்துக்காட்டாக, கோவைப் பக்கம் போர்வெல் மோட்டார் தயாரித்து விற்கும் ஒரு நிறுவனத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். தொழில் வேறானாலும் வரிசை மாறாது.

தொடங்கும் முன் ஒன்று: சீசன் பாருங்கள். மோட்டார் வியாபாரம் சூடு பிடிப்பது கோடையில், அப்போது சைட்டில் கை வைக்கக் கூடாது. துணிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தைத் தொடவே கூடாது. மாற்றிய பிறகு சில வாரங்கள் எதாவது ஒன்று தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றம் மந்தமான மாதத்தில் வரட்டும்.

1. சாவிகளைக் கையில் வாங்குங்கள்

டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நிறைய நிறுவனங்களில் அது பழைய சைட் போட்டுக் கொடுத்தவரின் பெயரில், அவருடைய ஈமெயிலில் இருக்கும். அவரோடு பேச்சுவார்த்தை சுமுகமாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் பதில் வர நாளாகும்.

அடுத்து ஹோஸ்டிங் (சைட்டின் ஃபைல்கள் இருக்கும் இடம்) லாகின், டிஎன்எஸ் (டொமைனை அந்த இடத்தோடு இணைக்கும் பதிவுகள்) லாகின், கம்பெனி ஈமெயில் எங்கே ஓடுகிறது என்ற விவரம், கூகுள் சேர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் உங்கள் சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி), அனலிடிக்ஸ் (சைட்டுக்கு வருபவர்களின் கணக்கு), கூகுள் மேப்பில் உள்ள கம்பெனிப் பக்கம். எல்லாவற்றுக்கும் கம்பெனியின் ஈமெயில்தான் உரிமையாளராக இருக்க வேண்டும், தனி ஆளின் ஈமெயில் அல்ல.

சேர்ச் கன்சோல் இல்லையென்றால் இன்றைக்கே இணைத்துவிடுங்கள். அடுத்த இரண்டு படிகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பேக்கப் எடுக்கும்போது ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டு டேட்டாபேஸை விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. சைட் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் உங்கள் எழுத்தெல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. இரண்டையும் எடுத்து, ஒரு பிரதியை ஹோஸ்டிங்குக்கு வெளியே வையுங்கள்.

2. போன் எடுப்பவர் பக்கத்தில் உட்காருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சைட்டில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இதுதான்.

ஆபீஸில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். வருகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். "விலை விசாரணை" என்று சுருக்கினால் பயனில்லை. இப்படி இருக்க வேண்டும்: "ஏனுங்க, நம்ம போரு அறுநூறு அடி, தண்ணி நானூறுல நிக்குது, எத்தன எச்.பி. போடோணும்?"

இந்த ஒரு வரியில் சைட்டுக்குத் தேவையான பாதி விஷயம் இருக்கிறது. கேட்பவருக்குத் தெரிந்தது அடிக்கணக்கு. கம்பெனி கேட்டலாக்கில் இருப்பதோ மீட்டரில் 'ஹெட்', அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம். நானூறு அடி என்றால் கிட்டத்தட்ட 122 மீட்டர் என்று அவர் கணக்குப் போட்டுத் தேட மாட்டார், போனைத்தான் எடுப்பார். கேட்டலாக்கில் 'வி-4', 'வி-6' என்று பிரித்திருப்பார்கள். அவர் வாயில் வருவது 'நாலரை போர்', 'ஆறரை போர்' என்று துளையின் இன்ச் கணக்கு. கம்பெனியின் பாஷைக்கும் வாடிக்கையாளரின் பாஷைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் உங்கள் சைட்டின் உண்மையான பிரச்சினை. ஹோம் பேஜில் மாறி மாறி ஓடும் படங்களை, அதாவது ஸ்லைடரை, மாற்றினால் அது தீராது.

நோட்டு எழுதுகிற அதே வாரங்களில் வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்திகளையும் புரட்டுங்கள். அனுப்பியிருக்கும் படங்களைப் பாருங்கள்: பழைய மோட்டாரின் பெயர்ப் பலகையை போட்டோ எடுத்து "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா" என்று கேட்பவர் பலர் இருப்பார்கள். அப்படியானால் ஸ்பேர் பார்ட்ஸுக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

பிறகு சேர்ச் கன்சோலில் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலை இறக்குங்கள். அது 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியபின் ஒப்பிட உதவும்.

மூன்றையும் சேர்த்துக் கேள்விகளை எண்ணி, அதிகம் வந்ததை மேலே வையுங்கள். முதல் பத்துக் கேள்விகள்தான் புதிய சைட்டின் வேலைப் பட்டியல். முதலாளி, மேனேஜர், டிசைனர் மூன்று பேரும் அந்தப் பத்தை ஒத்துக்கொண்ட பிறகே அடுத்த படி. பின்னால் "ஹோம் பேஜ்ல சேர்மன் போட்டோ பெருசா வேணும்" என்று பேச்சு வந்தால் இந்தப் பட்டியலைத்தான் மேசையில் வைக்க வேண்டும்.

3. பழைய பக்கங்களைக் கணக்கெடுங்கள்

சைட்டில் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதுங்கள். அதன் பக்கத்தில் நான்கு பத்தி (நெடுவரிசை): கூகுளிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில், என்ன செய்யப் போகிறோம் (வைப்பது, சேர்ப்பது, நீக்குவது), புதிய முகவரி என்ன. கடைசிப் பத்தி இப்போது காலியாக இருக்கட்டும்.

பார்க்கச் சகிக்காத பக்கம்தான் பல நேரம் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும். பல வருஷத்துக்கு முன் யாரோ போட்ட 'மோட்டார் காயில் எரிவதற்குக் காரணங்கள்' என்ற பக்கம், வண்ணமெல்லாம் வெளிறிப்போய், மெனுவில் கூட இல்லாமல் கிடக்கும். கணக்கைப் பார்த்தால் ஹோம் பேஜுக்கு அடுத்தபடியாக அதில்தான் ஆள் வந்திருப்பார்கள். டிசைனர் அதை முதல் நாளே நீக்கியிருப்பார். அதனால்தான் டிசைனருக்கு முன்னால் கணக்கு.

இந்த மாதம் சைட்டைப் பார்த்து வந்த போன் எத்தனை, ஃபார்ம் எத்தனை, வாட்ஸ்அப் எத்தனை என்று குறித்து வையுங்கள். இந்த எண் இல்லாமல் புதிய சைட் நன்றாக ஓடுகிறதா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

4. மெனுவைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள்

'எங்களைப் பற்றி, எங்கள் நோக்கம், உள்கட்டமைப்பு, தயாரிப்புகள், தொடர்புக்கு' என்ற மெனு, கம்பெனி தன்னைப் பார்த்துக்கொள்ளும் விதம். வருகிறவர் தேடுவது வேறு: வீட்டுக்கு மோட்டார், தோட்டத்துக்கு மோட்டார், ஸ்பேர், சர்வீஸ், டீலர் ஆக.

பத்துக் கேள்விகளையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒரு டீலரிடமும் ஒரு பிளம்பரிடமும் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றை அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் அவர்களே ஒரு பெயர் வைக்கட்டும். அந்தப் பெயரே மெனுவில் போகட்டும். ஐந்தாறு தலைப்புக்கு மேல் போகாதீர்கள்; செல்போனில் மெனு நீண்டால் கடைசித் தலைப்பு கண்ணில் படாது.

5. எழுத்து வேலையை முடியுங்கள்

டிசைன் முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்தாயிற்று. டிசைனர் இரண்டு வரிக்கு இடம் விட்டிருப்பார். சொல்ல வேண்டியது எட்டு வரி இருக்கும். எட்டை இரண்டாகச் சுருக்கி, 'தரமான தயாரிப்பு, நியாயமான விலை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எழுத்து முதலில் இருந்தால்தான் அதற்கு ஏற்ற இடத்தை டிசைன் ஒதுக்கும்.

ஒரு மோட்டார் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே முதல் வரி: 'நாலரை இன்ச் போர், 300 முதல் 400 அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்க' என்கிற மாதிரி, யாருக்கான மோட்டார் என்று சொல்லிவிட வேண்டும். எண்கள் உங்கள் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டவையாக இருக்கட்டும். அடுத்து சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா. வீட்டு லைனில் ஓடுமா என்பது பலருக்கு முதல் சந்தேகம். பிறகு விலை. அப்புறம் பெட்டியில் என்னென்ன வரும்: பேனல் போர்டு சேர்த்தா, கேபிள் எத்தனை மீட்டர், பைப் தனியா. வாரண்டி எத்தனை மாதம், காயில் எரிந்தால் வாரண்டியில் வருமா வராதா. இவை முடிந்த பிறகே இன்ஜினியருக்கான ஹெட், டிஸ்சார்ஜ் (வெளியே வரும் தண்ணீரின் அளவு) அட்டவணை. அட்டவணையில் மீட்டருக்குப் பக்கத்தில் அடியையும் போடுங்கள்.

விலை போட மனம் வராது. "டீலர் சண்டைக்கு வருவான்" என்பார்கள். அது நியாயமான பயம்தான். அப்படியானால் எம்.ஆர்.பி.யையாவது போடுங்கள், அல்லது 'இவ்வளவிலிருந்து தொடங்கும்' என்று எழுதுங்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்று மட்டும் இருந்தால் அடுத்த கம்பெனியின் சைட் ஒரு தட்டல் தூரத்தில் இருக்கிறது.

விலைப் பட்டியலை பிடிஎஃப் ஆக மட்டும் வைக்காதீர்கள். செல்போனில் பெரிதாக்கி, இழுத்து, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். போன வருஷத்து பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டி "இதுதானே உங்க ரேட்" என்று கேட்பார்கள். பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள், டீலருக்கு வேண்டுமானால் தேதியோடு பிடிஎஃப் கொடுங்கள்.

தமிழ்ப் பக்கம் போடுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம். பழைய நோட்டீஸ், பிரசுரம் எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்ததாக இருக்கும். அப்படியே காப்பி செய்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும். எந்த போனிலும் படிக்க வரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும். இரண்டாவது, பக்க முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும்: 'பம்பு' என்ற சின்னச் சொல்லே 45 எழுத்து நீளும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். முகவரி ஆங்கில எழுத்தில், பக்கம் தமிழில் இருக்கட்டும்.

ஆங்கிலப் பக்கத்தை மெஷினில் மொழிபெயர்த்துப் போடுவதைவிட, தமிழ்ப் பக்கம் இல்லாமலே இருக்கலாம். முக்கியமான பத்துப் பக்கத்தை மட்டும் தமிழிலேயே புதிதாக எழுதுங்கள். நோட்டில் வாடிக்கையாளர் வார்த்தைகள் இருக்கின்றன, எழுத்து வேலை பாதி முடிந்தது.

6. இப்போது டிசைன்

செல்போன் அளவில் தொடங்குங்கள், கம்ப்யூட்டர் அளவு பிறகு. உங்களிடம் வருகிறவர் தோட்டத்தில் நின்றுகொண்டு, வெயிலில், சாதாரண ஆண்ட்ராய்டில் பார்க்கிறார். டிசைனர் அறையின் பெரிய திரையில் பார்த்து ஓகே சொன்னது அங்கே செல்லாது. வெளிர் சாம்பல் நிற எழுத்து வெயிலில் தெரியாது, கறுப்பே போடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் தொட்டால் டயல் ஆகும் போன் எண்ணும் வாட்ஸ்அப் இணைப்பும் கட்டாயம். எண்ணைப் படமாகப் போட்டால் தொட முடியாது. வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணை 91 என்று தொடங்கி எழுத வேண்டும். கூட்டல் குறி, முன்னால் பூஜ்யம், நடுவில் கோடு எதுவும் வரக்கூடாது. எந்த மாடல் பக்கத்திலிருந்து தொட்டாரோ அந்த மாடல் பெயர் செய்தியில் தானாக வரும்படி வையுங்கள், போன் எடுப்பவருக்கு ஒரு கேள்வி மிச்சம்.

ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டினால் உடையும் இடங்கள் தெரிந்தவையே. பட்டனில் நான்கு எழுத்துச் சொல் இருந்த இடத்தில் 'தொடர்புகொள்ள' வந்து இரண்டாகப் பிளக்கும். வரி இடைவெளி போதாமல் மேல் வரியின் கீழ்க் கொம்பும் கீழ் வரியின் புள்ளியும் முட்டும். எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்காவது வையுங்கள். கேப்பிட்டல் எழுத்தால் வேறுபடுத்திய தலைப்பு தமிழில் வேறுபடாமல் போகும். தடித்த எழுத்துக்கான ஃபைலைச் சேர்க்காவிட்டால் பிரவுசர் தானாகத் தடிமனாக்கும், ஞ, ணை போன்றவற்றின் உள்சுழி அடைத்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், பல தடிமன்களில் கிடைக்கின்றன.

வேகத்துக்கு கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் போட்டுப் பாருங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். சிறு நிறுவனச் சைட்டுகளில் வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய ஐந்தாறு எம்பி படங்கள், அதுவும் ஸ்லைடரில். ஸ்லைடரை எடுத்துவிடுங்கள். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

7. ஃபார்ம், ஆர்டர், சட்டம்

விசாரணை ஃபார்மில் பெயர், போன், ஊர், கேள்வி. இவ்வளவு போதும். ஈமெயிலைக் கட்டாயமாக்கினால் விவசாயி அங்கேயே நின்றுவிடுவார். ஃபார்ம் போய்ச் சேரும் ஈமெயிலை யார் தினமும் திறக்கிறார் என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போனவரின் ஈமெயிலுக்கு மாதக்கணக்கில் விசாரணை போய்க்கொண்டிருந்த நிறுவனங்கள் உண்டு.

சைட்டிலேயே விற்பதானால் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் எல்லாம் சைட்டில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சம்மதம் கேட்கும் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது.

ஏற்கெனவே லாகின் வைத்திருக்கும் டீலர்களை மறுபடி பதிவு செய்ய வைக்காதீர்கள். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் சுமார் 15 கோடி பவுண்டு செலவில் புதிய சைட்டைத் திறந்தபோது பழைய வாடிக்கையாளர்கள் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூன் வரையிலான காலாண்டில் அதன் ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் குறைந்தது. அவ்வளவு பெரிய கடையே தாங்கவில்லை. நம் டீலர் ஒரு போனைப் போட்டு "பழையபடி ஆளை அனுப்புங்க" என்று சொல்லிவிடுவார்.

8. ஐந்து பேரிடம் கொடுங்கள்

ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதினார். ஊழியர்களும் உறவினர்களும் வேண்டாம். ஒரு பிளம்பர், ஒரு விவசாயி, வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் என்று ஆள் பாருங்கள். அவர்கள் போனிலேயே திறக்கச் சொல்லி, "600 அடி போருக்கு மோட்டார் தேடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம்ம ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தயங்கினால் அதைத் திருத்திவிட்டு மேலே போங்கள்.

9. மாற்றும் நாள்

இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் டிடிஎல் அளவை (பழைய விவரத்தை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறையுங்கள். ஏதாவது தவறினால் பழைய சைட்டுக்கு நிமிடங்களில் திரும்பலாம். குறைக்காவிட்டால் பழைய அமைப்பு சிலருக்கு ஒரு நாள்வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படியில் காலியாக விட்ட கடைசிப் பத்தி இப்போது நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்கு மிக நெருங்கிய புதிய பக்கத்தைக் காட்டி 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள். 302 தற்காலிகமானது, அது வேண்டாம். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஹோம் பேஜுக்குத் திருப்பிவிடுபவர்கள் உண்டு. கூகுள் அதைப் 'பக்கம் இல்லை' என்பதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். இந்த வழிமாற்றங்களை ஒரு வருடமாவது எடுக்கக் கூடாது.

ஹோஸ்டிங் மாறும்போது நேம்சர்வரையும் (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) சேர்த்து மாற்றினால் ஈமெயில் நிற்கும். சைட் ஜோராகத் திறக்கும், ஆனால் கம்பெனிக்கு ஒரு மெயிலும் வராது. மதியம்தான் யாராவது கவனிப்பார்கள். எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் என்ற ஈமெயிலுக்கான டிஎன்எஸ் பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துப் புதிய இடத்தில் போடுங்கள். முடிந்தால் நேம்சர்வரைத் தொடாமல் சைட்டின் ஐபி முகவரியை மட்டும் மாற்றுங்கள்.

சோதனை சைட் கூகுளில் வந்துவிடக் கூடாதென்று வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் ஒரு டிக் போட்டிருப்பீர்கள். திறக்கும் நாளில் அதை எடுக்க மறந்தால் புதிய சைட் மெல்ல மெல்ல கூகுளிலிருந்து மறைந்துவிடும். யாருக்கும் காரணம் புரியாது. அந்த டிக்கை எடுப்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள்.

செவ்வாய் அல்லது புதன் காலையில் மாற்றுங்கள். வெள்ளி மாலை மாற்றிவிட்டு ஊருக்குப் போனால், சனிக்கிழமை உடைந்ததைத் திங்கள்வரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

10. மாற்றிய பிறகு

சேர்ச் கன்சோலில் புதிய சைட்மேப்பை (சைட்டின் பக்க முகவரிகளின் பட்டியல்) கொடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 404 ('பக்கம் இல்லை') பட்டியலைப் பார்த்து, விடுபட்ட பழைய முகவரிகளுக்கு வழிமாற்றம் போடுங்கள். கூகுள் மேப், இண்டியாமார்ட், விசிட்டிங் கார்டில் அச்சிட்ட கியூஆர் என்று சைட் முகவரி இருக்கும் இடங்களை எல்லாம் திறந்து சரிபாருங்கள்.

சில வாரம் வரவு ஏறி இறங்கும். பயந்துபோய்த் தலைப்புகளையும் முகவரிகளையும் மறுபடி மாற்றத் தொடங்கினால் கூகுள் இன்னும் குழம்பும். வழிமாற்றம் சரியாக இருந்தால் பொறுத்திருங்கள். ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருஷத்து இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டார் வியாபாரத்தில் ஜூனையும் மேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த சைட்டும் தோற்றுப்போகும்.

நோட்டை நிறுத்தாதீர்கள். சைட்டில் பதில் இருக்கும் கேள்வி இன்னும் போனில் வருகிறதென்றால், ஒன்று அந்தப் பக்கம் கண்ணில் படவில்லை, அல்லது படித்தும் புரியவில்லை. எது என்று கேட்டவரிடமே கேட்டுக்கொள்ளலாம். விலை மாறும் நாளில் சைட்டில் மாற்ற வேண்டியவர் யார், அவர் லீவில் இருந்தால் யார் என்று இரண்டு பெயரை அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.